பிளாஸ்டிக்கிலும் மின் பாயும்!

சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒருநாள், பத்தாந் தர மாணவரின் விஞ்ஞான விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தோம். மின்கடத்திக்கும் காவலிக்கும் இவ்விரண்டு உதாரணந் தருக என்பது வினா. செம்பு, அலுமினியம் என ஒருபுறமும், றப்பர், பிளாஸ்டிக் என மறுபுறமும் எல்லாரும் எழுதியிருக்க, ஒரு மாணவன் மட்டும் பிளாஸ்டிக் என்னுஞ் சொல்லின் அருகே, "ஆனால் எல்லாப் பிளாஸ்டிக்கும் அன்று" என ஒரு வரி சேர்த்திருந்தான். நாம் அவ்வரியைச் சிவப்பு மையாற் குறுக்கே கீறி, அரைப் புள்ளியையுங் குறைத்துவிட்டோம். மறுநாள் அவன் ஆசிரியர் அறை வாயிலில் வந்து நின்று, "சேர், அதுக்கு நோபல் பரிசும் குடுத்திருக்கினமே" என்றான். "பரீட்சைக்குப் புத்தகத்தில் உள்ளதை எழுதினாற் போதும்" என்று சொல்லி அனுப்பிவிட்டோம்.

அவன் போன பின்பு மனம் அமைதியுறவில்லை. பட்டப் படிப்புக் காலத்திலே ஒரு பக்க அளவிற் படித்துப் பின் மறந்துவிட்ட செய்தி அது. அன்றிரவு பழைய குறிப்புகளைத் தேடியெடுத்து வாசித்தபோது, பிழை எம்முடையதே என்பது தெளிவாயிற்று. அரைப் புள்ளியை மறுநாளே திருப்பிக் கொடுத்தோம். கொடுக்கத் தவறிய விளக்கத்தை இங்கே கொடுக்கிறோம். அவனைப்போல் வினவும் பிள்ளைகள் எந்த வீட்டிலும் இருக்கக்கூடுமன்றோ?

வீட்டு மின்கம்பியின் உள்ளே இருப்பது செம்பு. அதனைப் போர்த்திருப்பது பிளாஸ்டிக். உள்ளிருப்பது மின்னைக் கொண்டுசெல்ல, புறத்தே உள்ளது அம்மின் எம் கையைத் தீண்டாது காக்கிறது. செம்பின் கடத்துதிறனைப் பொலித்தீனின் கடத்துதிறனோடு ஒப்பிட்டால், ஒன்று என்னும் எண்ணுக்குப் பின்னால் இருபது பூச்சியம் இட்டு எழுதவேண்டிய அளவு வேற்றுமை காணப்படும். இயற்கையிலே பொருள்களுக்கிடையே இத்துணை பெரிய வேற்றுமை வேறெந்தக் குணத்திலும் காண்பது அரிது. இவ்வளவு பெரிய பள்ளத்தை ஒரு பிளாஸ்டிக்குத் தாண்டிற்று என்றால், அதன் மூலக்கூறு எவ்வாறு அமைந்திருத்தல் வேண்டும்?

பிளாஸ்டிக் வகைகளை இரசாயன நூலார் பல்பகுதியம் என்பர். சிறு மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில், பூச்சரத்தில் மலர்கள் தொடுக்கப்படுவதுபோல, ஒன்றோடொன்று பிணைந்து நீண்ட சங்கிலியாவதே பல்பகுதியம். அச்சங்கிலியின் முதுகெலும்பு பெரும்பாலும் காபன் அணுக்களால் ஆயது. காபன் அணுவுக்கு நான்கு கைகள் உண்டு என வகுப்பிலே சொல்வது வழக்கம். கடைக்காரர் தரும் பொலித்தீன் பையை எடுத்துக்கொள்வோம். அதிலே ஒவ்வொரு காபனும் இரு கைகளால் அயலிலுள்ள இரு காபன்களையும், ஏனைய இரு கைகளால் இரண்டு ஐதரசன் அணுக்களையும் பற்றி நிற்கிறது. நான்கு கைகளுக்கும் வேலை இருக்கிறது. இலத்திரன்கள் யாவும் அப்பிடிகளுக்குள்ளே சிறைப்பட்டுக் கிடக்கின்றன. அலைந்து திரிய ஓர் இலத்திரனும் இல்லாத இடத்தில் மின் எவ்வாறு ஓடும்?

ஆனால் காபன் எப்போதும் அவ்வாறு இருப்பதில்லை. எமது நாட்டிலே போகல, கஹட்டகஹ ஆகிய இடங்களில் அகழ்ந்தெடுக்கப்படும் காரீயம் தூய காபனே. பென்சிலின் உள்ளே இருப்பதும் அதுவே. (ஈயத்துக்கும் அதற்கும் பெயரளவிலன்றி உறவு கிடையாது.) காரீயத்தில் ஒவ்வொரு காபனும் மூன்று அயலாரையே பற்றுகிறது. நான்காவது கையிலுள்ள இலத்திரன் தனித்துவிடப்பட, அத்தகைய இலத்திரன்கள் எல்லாம் சேர்ந்து தளம் முழுவதும் உலாவுகின்றன. ஆகவே காரீயம் மின்னைக் கடத்துகிறது. அதிலும், தளத்தின் நெடுகே நன்றாகக் கடத்தும் அது, ஒரு தளத்திலிருந்து மற்றொரு தளத்துக்குக் குறுக்கே மிகக் குறைவாகவே கடத்தும். அணு ஒன்றே, அமைப்பின் திசை மாறக் குணமும் மாறுகிறது. இதனை மனத்திற் கொண்டாற் பின்வருவது எளிதில் விளங்கும்.

நான்கிலே மூன்று கைகளுக்கு மட்டும் வேலை கொடுத்து, ஒரு கையை வெறுமையாக விட்ட பல்பகுதியம் உண்டோ? உண்டு. ஒட்டு வேலைக்காரர் பயன்படுத்தும் அசற்றலீன் வாயுவைச் சங்கிலியாகத் தொடுத்தாற் பொலியசற்றலீன் கிடைக்கும். அதிலே ஒவ்வொரு காபனும் இரு காபன்களையும் ஒரேயோர் ஐதரசனையும் பற்றுகிறது. இதனை இத்தாலியரான யூலியோ நற்றா 1958 இல் ஆக்கினார். கிடைத்ததோ கரைக்கவும் உருக்கவும் இயலாத கருந்தூள். அதனை வைத்து என்ன செய்வதென்று எவருக்குந் தெரியவில்லை.

அதன் பின் நடந்தது ஒரு தவறு. 1967 இல் தோக்கியோ தொழினுட்ப நிறுவனத்தில் இளம் ஆய்வாளரான இதெகி சிரகாவா இவ்வாக்கத்தின் முறைமையை ஆராய்ந்துகொண்டிருந்தார். கொரியாவிலிருந்து வந்து அங்கே பணியாற்றிய ஒருவர், ஊக்கியை அளந்து இடுகையில் அளவுக் குறிப்பைப் பிழைபட எடுத்துக்கொண்டு, வேண்டியதைவிட ஏறத்தாழ ஆயிரம் மடங்கு கூடுதலாக இட்டுவிட்டார். குடுவையிலே தூள் விழவில்லை. கரைசலின் மேற்பரப்பிலே கிழிந்த கந்தல்போல ஒரு தகடு மிதந்தது. வேறொருவராயின் குடுவையைக் கழுவி வைத்துவிட்டு, அடுத்த முறை சரியாக அளந்திருப்பார். சிரகாவா, அத்தகடு ஏன் உண்டாயிற்று என வினவினார். ஊக்கியின் அளவையும் வெப்பநிலையையும் மாற்றி மாற்றிப் பார்த்து, பளபளக்கும் மெல்லிய தகடுகளை வேண்டியபோது ஆக்கும் வழியைக் கண்டார். பூச்சியத்துக்குக் கீழ் 78 பாகையில் ஆக்கிய தகடு செம்பின் நிறம் பெற்றது. 150 பாகையில் ஆக்கியதோ வெள்ளிபோல மின்னியது.

பார்வைக்கு உலோகம், குணத்தில் உலோகமன்று. வெள்ளி நிறத் தகடுகூடக் குறைகடத்தி என்னும் அளவையே எட்டியது. இவ்வாறு எட்டு ஆண்டுகள் கழிந்தன.

1975 இல் அலன் மக்டயமிட் என்னும் இரசாயன அறிஞர் யப்பானுக்கு வந்தார். அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்திற் பேராசிரியராயிருந்த இவர், 1927 இல் நியூசிலாந்திலே வறிய குடும்பத்திற் பிறந்தவர். பதினாறு வயதிலே பாடசாலையை விட்டு, கல்லூரி ஒன்றின் ஆய்வுகூடத்தில் ஏவலாளாகச் சேர்ந்து, போத்தல் கழுவிக்கொண்டே பகுதிநேர மாணவராகப் படித்து முன்னேறியவர். நிறங்களில் அவருக்கு அளவிறந்த மோகம். கந்தகமும் நைதரசனும் மாறிமாறிச் சேர்ந்த, பொன்னிறமான ஒரு பல்பகுதியத்தைப் பௌதிக அறிஞர் அலன் கீகருடன் சேர்ந்து அப்போது ஆராய்ந்து வந்தார். கீகர் முதன்முதல் அப்பொருளைப் பற்றிப் பேசியபோது, கந்தகம், நைதரசன் ஆகியவற்றின் குறியீடுகள் சேர்ந்து வெள்ளீயத்தின் குறியீடுபோல ஒலிக்கவே, "வெள்ளீயம் உலோகந்தானே, கடத்துவதில் என்ன புதுமை?" என்று கேட்டாராம் மக்டயமிட். அவர் தோக்கியோவிலே தமது பொற்றகட்டைப் பற்றிப் பேசிய பின், தேநீர் அருந்தும் வேளையிற் சிரகாவா தமது வெள்ளித் தகட்டை எடுத்துக் காட்டினார். மக்டயமிட் அங்கேயே அவரைப் பென்சில்வேனியாவுக்கு அழைத்தார்.

சென்றவர்கள் முதலிலே தகட்டைத் தூய்மையாக்க முயன்றனர். தூய்மை கூடக்கூடக் கடத்துதிறன் குறைந்தது! அப்படியாயின் மாசுதான் மின்னைக் கடத்துகிறதோ என்ற ஐயம் எழுந்தது. சிரகாவாவோ முன்னரே தோக்கியோவில், தகட்டின்மீது புரோமீன், குளோரீன் வாயுக்களைப் படவிட்டபோது செந்நிறக் கீழ்க் கதிர்கள் அதனூடே செல்வது சட்டென நின்றுபோனதைக் கண்டு, காரணம் அறியாது விட்டிருந்தார். 1976 ஆம் ஆண்டு நவம்பர் 23 ஆம் நாள், அவரும் கீகரின் ஆய்வுதவியாளரான சியாங்கும் தகட்டின் இருமுனையிலும் கம்பி பொருத்தி, சிறிதளவு புரோமீன் ஆவியை உள்ளே விட்டனர். கடத்துதிறன் ஒரு கோடி மடங்கு உயர்ந்தது. அயடீன் அதனிலும் நன்று என்பது பின்னர் தெரிந்தது. மறு ஆண்டு முடிவுகள் வெளிவந்தன. 2000 ஆம் ஆண்டு இரசாயனத்துக்கான நோபல் பரிசு கீகர், மக்டயமிட், சிரகாவா மூவருக்கும் வழங்கப்பட்டது. எம்மாணவன் சொன்னது இதனையே.

இனி, ஏன் என்ற வினாவுக்கு வருவோம். காபன்களை ஒரு நீண்ட வரிசையில் நிற்கும் பிள்ளைகளாகக் கருதுக. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கை வெறுமையாயுள்ளது. வலப்பக்கத்தவனையும் பற்றலாம், இடப்பக்கத்தவனையும் பற்றலாம். எல்லாரும் இருபுறமும் சமமாகப் பகிர்ந்துகொண்டால் இலத்திரன்கள் உலோகத்திற்போல நெடுக ஓடும். ஆனால் பிள்ளைகள் அவ்வாறு செய்வதில்லை. இருவர் இருவராகச் சோடி சேர்ந்துவிடுகின்றனர். முதலாமவன் இரண்டாமவனோடு, மூன்றாமவன் நான்காமவனோடு என்றிவ்வாறு. சோடி சேர்ந்த இடத்தில் இரட்டைப் பிணைப்பு. சேராத இடத்தில் தனிப் பிணைப்பு. இரட்டைப் பிணைப்பின் நீளம் ஏறத்தாழ 1.36 அங்ஸ்ட்ரம், தனிப் பிணைப்பின் நீளம் ஏறத்தாழ 1.44. (ஒரு சதமமீற்றரைப் பத்துக் கோடியாகக் கூறிட்டால் ஒரு கூறு ஓர் அங்ஸ்ட்ரம்.) இச்சிறு வேற்றுமையே இலத்திரன்களுக்கு அணையாகிறது. ஒற்றை வரிசையான அணுச் சங்கிலி இவ்வாறு தானே சோடி சேர்ந்து உலோகத் தன்மையை இழக்கும் என்பதை உறூடொல்ப் பையர்ல்சு என்னும் பௌதிக அறிஞர் 1950 களிலேயே எடுத்துக் காட்டியிருந்தார்.

அயடீன் இலத்திரனுக்குப் பேராசை கொண்ட பொருள். அது சங்கிலியிலிருந்து ஓர் இலத்திரனைப் பறித்துக்கொள்கிறது. கலியாண வீட்டுப் பந்தியிலே ஓர் இலையும் வெறுமையின்றி எல்லாரும் நெருக்கி அமர்ந்துவிட்டால் எவராலும் இடம்மாற இயலாது. ஒருவர் எழுந்து போய்விட்டாலோ, அடுத்தவர் அவ்விடத்துக்கு நகர, அவருக்கு அடுத்தவர் அவரிடத்துக்கு நகர, வெற்றிடம் பந்தியின் இக்கோடியிலிருந்து அக்கோடிக்குப் போய்ச் சேரும். இலத்திரன் இழந்த வெற்றிடம் நேர்மின்னாகையால், அது நகர்வதே மின் ஓட்டமாகிறது.

செம்பு நிறத் தகட்டுக்கும் வெள்ளி நிறத் தகட்டுக்கும் உள்ள வேற்றுமையும் இங்கேதான் விளங்கும். இரண்டிலும் அணுக்கள் ஒன்றே; எண்ணிக்கையும் ஒன்றே. சங்கிலி வளையும் விதம் மட்டுமே வேறு. வெள்ளித் தகட்டிலே சங்கிலி சீரான வளைகோடாய், வாள் பற்கள்போல மேலுங் கீழுமாகச் செல்கிறது. அதிலே பிள்ளைகள் இடப்புறச் சோடி சேர்ந்தாலும் வலப்புறச் சோடி சேர்ந்தாலும் செலவு ஒன்றுதான். வரிசையின் ஒரு பகுதி ஒருவிதமாகவும் மறுபகுதி மற்றொரு விதமாகவும் சோடி சேர்ந்துவிட, இடையே ஒருவன் தனித்து நிற்க நேரும். அவன் பக்கத்துச் சோடியிலே ஒருவனை இழுத்துக்கொண்டால், அதிலிருந்து விடுபட்டவன் இரண்டு இடந் தள்ளித் தனியனாகிறான். தனிமை இவ்வாறு வரிசை நெடுகத் தங்குதடையின்றி ஓடும். செம்பு நிறத் தகட்டிலோ சங்கிலியின் வளைவு வேறாகையால், ஒருவகைச் சோடி மலிவாகவும் மற்றையது செலவு கூடியதாகவும் அமைந்துவிடுகின்றன; தனியன் எளிதில் ஓட முடிவதில்லை. கலப்பில்லாத வெள்ளித் தகட்டின் கடத்துதிறன் செம்பு நிறத்ததைவிட ஆயிரக்கணக்கான மடங்கு கூடியிருந்தமை குறிப்பிடத்தக்கது. தனியனின் ஓட்டத்தைச் சூ, சிறீபர், கீகர் ஆகிய மூவரும் 1979 இற் கணித முறையால் விளக்கினர். எமக்கு இவ்விடயத்தில் எல்லாவற்றிலும் அழகியதாகத் தோன்றுவது இவ்விளக்கமே.

சங்கிலி எவ்வளவு நீண்டதாயினும் கம்பியின் நீளத்துக்கு முன் அது அற்பம். ஆகவே மின்னானது ஒரு சங்கிலியிலிருந்து மற்றொன்றுக்குத் தாவியாகவேண்டும். தும்புக் கட்டுப்போலச் சிக்குண்டு கிடந்தாற் தாவல் அரிதாகும். முறுக்கிய கயிற்றின் புரிகள்போல அருகருகே நீண்டு கிடந்தால் எளிதாகும். தகட்டை இழுத்து நீட்டியபோது இழுத்த திசையிற் கடத்துதிறன் பெருகியது. 1987 இல் செருமனியிலே நார்மனும் தெயோபிலூவும் பிழையற்ற சங்கிலிகளை ஆக்கி, அவற்றை இழுத்து ஒழுங்குபடுத்தி, அயடீன் சேர்த்தபோது, கடத்துதிறன் சதமமீற்றருக்கு ஓர் இலட்சம் சீமென்சைக் கடந்தது. செம்புக்கு உள்ளது ஏறத்தாழ ஆறு இலட்சம்.

"அப்படியென்றால் ஏன் சேர் இன்னும் செம்புக் கம்பி?" என்பது அம்மாணவனின் அடுத்த கேள்வி. நியாயமான கேள்வியே. பொலியசற்றலீன் காற்றுக்கு ஆற்றாது. எந்த இரட்டைப் பிணைப்புகள் மின்னுக்கு வழிவிட்டனவோ, அப்பிணைப்புகளையே ஒட்சிசன் வந்து தாக்குகிறது. தகடு நாளடைவில் உடையுந் தன்மை பெற்றுக் கடத்துதிறனை இழக்கிறது. அன்றியும் அதனைக் கரைத்துப் பூசவோ, உருக்கி வார்க்கவோ இயலாது. எனவே அறிஞர்கள் வேறு சங்கிலிகளை நாடினர்.

அவற்றுள் ஒன்று பொலிதயோபீன். நான்கு காபனும் ஒரு கந்தகமுஞ் சேர்ந்த ஐங்கோண வளையங்களால் ஆன சங்கிலி இது, காற்றைத் தாங்கும். கரையும் பொருட்டு ஒவ்வொரு வளையத்திலும் ஆறு காபன் கொண்ட ஒரு வாலைப் பொருத்தினர். கரைந்தது, ஆனால் ஒரு தொல்லை வந்தது. வளையங்கள் கண்டபடி சேரும்போது, சில இடங்களில் இரு வால்கள் ஒன்றையொன்று நோக்கி நெருக்கிக்கொண்டன. நெருக்கம் பொறாது வளையங்கள் திருகி, ஒரு தளத்திலிருந்து விலகின. வெறுங் கைகள் தளத்துக்கு மேலுங் கீழும் நீட்டிக்கொண்டிருப்பவை. வளையம் திருகினால் ஒன்றின் கை மற்றதன் கைக்கு எட்டாது. அவ்விடத்தில் மின்னின் வழி அறுந்துபோம். 1992 இல் அமெரிக்காவிலே மக்கலோவின் குழுவினரும் றீக்கியின் குழுவினரும், வால்கள் யாவும் ஒரே ஒழுங்கில் அமையுமாறு சங்கிலியைத் தொடுக்கும் வழிகளைக் கண்டனர். திருகல் நீங்கியது. சங்கிலிகள் தட்டையாகி, பாய்களை அடுக்கியதுபோல ஒன்றன்மேலொன்று படிந்தன. புதிதாக ஓர் அணுவும் சேர்க்காமல், வால்களின் திசையை மட்டும் ஒழுங்குபடுத்தியதாற் கடத்துதிறன் பல மடங்கு பெருகிற்று.

பொலியனிலீனின் கதை வேறு. இலண்டனிலே எனறி லெதபி என்பவர் 1862 இலேயே அனிலீன் கரைசலில் மின்னைச் செலுத்தி, தகட்டின்மேற் படிந்த நிறமாறும் பொருளொன்றைக் கண்டார். அது பல்பகுதியம் என்பதோ மின்னைக் கடத்தும் என்பதோ அந்நாளில் எவருக்குந் தெரியாது. நூறு ஆண்டுகளுக்கு மேல் சென்ற பின் மக்டயமிட் அதனை மீண்டும் எடுத்தார். நீல நிறமான பொலியனிலீனை அமிலத்தில் தோய்த்தால் அது பச்சையாகிறது, அக்கணமே கடத்தியுமாகிறது. உயர்வோ நூறு கோடி மடங்களவு. இங்கே இலத்திரனைப் பறிப்பாருமில்லை, கொடுப்பாருமில்லை. அமிலத்தின் ஐதரசன் அயன்கள் சங்கிலியிலுள்ள நைதரசனிற் போய் அமர, இலத்திரன்கள் தாமே தம்மை மாற்றி அடுக்கிக்கொள்கின்றன. அமோனியா பட்டால் மீண்டும் நீலம், மீண்டும் காவலி.

பரிசு பெற்றோரைப் புகழுமிடத்து, பெறாதோரையும் நினைத்தல் முறை. 1963 இல் அவுஸ்திரேலியாவிலே வைசு என்பவரும் அவருடன் பணியாற்றியோரும், அயடீன் சேர்ந்த பொலிபிரோல் என்னும் கரும்பொருள் நன்கு கடத்துவதை அளந்து வெளியிட்டிருந்தனர். அதனைப் பொருட்படுத்துவார் அன்று இல்லை. ஆராய்ச்சி வெளியாயிருந்தும் படிப்பாரின்றிப் போவது விஞ்ஞான உலகிற் புதிதன்று. ஆயினும் இதனை எண்ணுந்தோறும் எமக்கு வருத்தமே. பெயர் பெறாது போன கொரிய நண்பரின் பங்கை எந்தக் கணக்கிற் சேர்ப்பது என்பதும் எமக்கு விளங்கவில்லை.

இச்சங்கிலிகளிற் சில மின்னைக் கடத்துவதோடு நில்லாது ஒளியும் உமிழும். 1990 இற் கேம்பிறிட்சிலே பறோஸ், பிறட்லி, பிரெண்டு முதலியோர் அத்தகைய பல்பகுதியம் ஒன்றின் மெல்லிய படலத்துக்கு மின்னூட்டி, மஞ்சள் கலந்த பச்சை ஒளி பெற்றனர். கைத்தொலைபேசித் திரைகளில் இன்று ஒளிர்வன பெரும்பாலும் நீண்ட சங்கிலிகளல்ல, சிறு சேதன மூலக்கூறுகளே. ஆயினும் இருவகையிலும் ஒளிரச் செய்வது அந்த மாறிமாறி வரும் பிணைப்பு ஒழுங்கேயாம்.

செம்பின் இடத்தை எந்தச் சங்கிலியும் பிடிக்கவில்லை. பிடித்த இடம் வேறு. 1980 களின் பிற்பகுதியிற் செருமனியின் பேயர் நிறுவன ஆய்வாளர், தயோபீன் வளையத்திலே பிழையாகப் பிணைப்பு ஏற்படக்கூடிய இரு மூலைகளையும் ஒட்சிசன் கொண்ட மற்றொரு வளையத்தால் அடைத்துவிட்டனர். சேரவேண்டிய இரு மூலைகளே எஞ்சியமையாற் சங்கிலி பிழையின்றித் தொடுக்கப்பட்டது. அமிலத் தன்மையுள்ள மற்றொரு பல்பகுதியத்தோடு கலந்தபோது அது நீரிற் பரந்து, நீல மைபோலப் பூசத்தக்கதாயிற்று. உலர்ந்தால் கண்ணுக்குப் பெரிதும் புலப்படாத மென்படலம். அதனை முதலிற் பெருமளவில் வாங்கிப் பயன்படுத்தியது மின்கம்பி செய்வோரல்லர். புகைப்படச் சுருள் செய்த அக்பா நிறுவனத்தார். புகைப்படச் சுருளும் பிளாஸ்டிக்கே. உலர்ந்த காற்றிலே அது விரைந்து சுழலும்போது உராய்வால் மின்னேற்றம் தேங்கி, சிறு பொறி பறந்து, எடுத்த படத்தின்மேல் மின்னற் கீறுபோன்ற கறையை விட்டுவிடும். தேங்கும் மின்னை வடித்துவிடுவதற்காக, அச்சுருளின் முதுகிலே இந்தப் பிளாஸ்டிக்கைப் பூசினார்கள்.